மொட்டை வேம்பு

போன்சாய் மரம் வளர்த்தால் மனசுக்கு அமைதி வரும் என்று முதலில் சொன்ன ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எங்கள் தெருவில் குடியிருந்தவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம். குடியிருந்திருந்தால் சட்டியைத் தூக்கி யார் தலையிலாவது போட்டுவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

நான் கோபக்காரன். இது நானாகச் சூட்டிக்கொண்ட பட்டம் இல்லை. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, கோழி, காய்கறி, கயிறு, பெயிண்ட் என்று கேட்ட சாமானை ஏற்றிவிடுவது எங்கள் குடும்பத் தொழில். அதில் கோபப்படாதவன் ஒன்று சாமியாராக இருக்கவேண்டும், இல்லையென்றால் காது கேட்காதவனாக இருக்கவேண்டும். நாளைக்குச் சாயந்திரம் வரும் என்ற கப்பல் இன்றைக்கே வந்து நிற்கும். நாளைக்கே வரும் என்ற கப்பல் கரைக்கு வராமல் வெளியே நங்கூரம் போட்டுக்கொண்டு கிடக்கும். அதற்குள் தக்காளி பழுத்து ஒழுகினால், "என்ன தக்காளி குடுத்திருக்கே" என்று கப்பல் சமையற்காரன் போனில் என்னிடம் எகிறுவான். அப்படி ஒருவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். அளந்துதான் பேசுவார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அளக்காமல் சொன்னார்: "அண்ணாச்சி, இனிமே இப்படிக் கத்தினியன்னா, கத்தி முடிக்கிறதுக்கு நீங்க இருக்க மாட்டிய."

என் மனைவி பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். அன்றிலிருந்து நான் என்ன சொல்லுகிறேன் என்பதை அவள் கேட்பதே இல்லை. எவ்வளவு சத்தமாகச் சொல்லுகிறேன் என்பதை மட்டும் கேட்கிறாள். குரல் கொஞ்சம் ஏறினால் போதும், பிரஷர் பார்க்கிற மெஷினோடு வந்து நிற்பாள். "நான் கோபமா இல்லைளா" என்று நான் கத்த, மெஷின் அவள் பக்கம்தான் பேசும்.

கடையைத் தம்பி எடுத்துக்கொண்டான். நான் அரை நாள் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம், போனைத் தொடக்கூடாது என்று ஏற்பாடு. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? பெங்களூரில் வேலை பார்க்கிற மகள்தான் ஒரு பெட்டியை அனுப்பினாள். உள்ளே சின்னக் கத்தரி, அலுமினியக் கம்பிச் சுருள், தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் ஆழமான ஒரு சட்டி. "அப்பா, ஜப்பான்ல வயசானவங்க எல்லாம் இதைத்தான் பண்றாங்க. டென்ஷனே போயிரும்" என்றாள். ஜப்பானில் பக்கத்து வீட்டு வாசலில் உப்பு லாரி நிற்குமா என்று கேட்க வாய் வந்தது. மனைவி மெஷினோடு நின்றதால் கேட்கவில்லை.

முதல் மரத்தை எங்கள் வீட்டுத் தண்ணீர் கொன்றது. இங்கே போர் போட்டால் வருவது தண்ணீரா, உப்பளத்துக்குப் போகவேண்டியது வழி தவறி வந்ததா என்று சந்தேகமாக இருக்கும். சட்டி விளிம்பில் வெள்ளை பூத்தது, இலை ஓரம் கருகியது, மரம் போய்விட்டது. இரண்டாவது மரத்துக்குக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். "குடிக்க வாங்குன தண்ணியை மரத்துக்கு ஊத்திட்டு எங்களைப் போர்த் தண்ணியைக் குடிக்கச் சொல்லுதியளா?" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. அந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் மொட்டை மாடி வெயிலில் அதுவும் வெந்து போனது. மகள் அனுப்பிய வீடியோவில் ஒரு ஜப்பான்காரர் பனி பெய்கிற தோட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவதுதான் இந்த வேம்பு. இது யாரும் நட்ட மரம் இல்லை. பீச் ரோட்டுப் பக்கம் எங்கள் பழைய குடோனின் கைப்பிடிச் சுவர் வெடிப்பில், மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லாத இடத்தில், உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு முழங்கை உயரத்துக்கு நின்றது. அடி மட்டும் என் மணிக்கட்டுத் தடிமன் இருந்தது. எத்தனை வருஷமாக அங்கே நின்றதோ தெரியாது. சுவரைப் பூச வந்த கொத்தனார் வெட்டப்போனார். அவர் கையைத் தட்டிவிட்டு, சுவரையும் கொஞ்சம் உடைத்து, அதை வேரோடு எடுத்து வந்தேன். கேன் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கலந்து ஊற்றினேன். வெயிலுக்குப் பச்சை வலை கட்டினேன். அது பிழைத்துக்கொண்டது. எனக்கு ஏனோ அன்றைக்கு அழுகை வந்தது. கேட்டால் கண்ணில் தூசி என்று சொல்லியிருப்பேன், நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்லவேண்டும். மகள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது. காலையில் மாடிக்குப் போய்ப் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தால், கை தானாக மெதுவாகிவிடும். ஒரு கொப்பை வெட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கவே ஒரு வாரம் ஆகும். வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. கப்பல்காரனிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறுநாள் இனிப்புப் பெட்டியோடு போய்ச் சமாதானம் பேசிவிடலாம். மரத்திடம் அது நடக்காது. அதனால் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் இருப்பதைத்தான் பெரும்பாலும் செய்தேன். இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த அமைதி என்றால் அந்த ஒரு மணி நேரம்தான். அது போனால் நான் பழையபடி ஆகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பக்கத்து வீட்டுக்காரன் தின்றுகொண்டிருந்தான்.

அவனுக்குச் சொந்தமாக ஒரு லாரி உண்டு. உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு போவான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுச் சுவர். லாரியை அந்தச் சுவருக்கு நேரே, பாதி அவன் வாசலிலும் பாதி என் வாசலிலுமாக நிறுத்துவான். நான் மாடியில் முக்காலியைப் போடுகிற நேரம் பார்த்து ஸ்டார்ட் பண்ணுவான். ஸ்டார்ட் பண்ணினால் எடுத்துக்கொண்டு போய்த் தொலையவேண்டியதுதானே? மாட்டான். உறுமவிட்டுக்கொண்டு டீ குடிப்பான். கரும்புகை நேரே என் மாடிக்கு வந்து வேம்பின் மேல் படியும். நான் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "ஏலே, எடு லே வண்டியை!" என்பேன். அவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, "ஏர் ஏறணும் அண்ணாச்சி. ஏர் ஏறலைன்னா பிரேக் பிடிக்காது, ஹார்பர் கேட்ல போயி இடிக்கவா?" என்பான். அவன் சொல்வது நியாயம்தான். அதனால்தான் இன்னும் கோபம் வரும்.

ஒருநாள் மேலே வேம்பைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குச் சோறு போடுதியளா இல்லையா?" என்று கேட்டான். தெருவே சிரித்தது. அன்றைக்கு என் பிரஷர் எவ்வளவு என்று என் மனைவி என்னிடமே சொல்லவில்லை.

அவன் புகை படிந்ததால் ஒவ்வொரு இலையையும் பஞ்சை நனைத்துத் துடைக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. துறைமுக ரோட்டில் போகிற நிலக்கரி லாரிகளால் தெருமுனை வேம்பு கருத்துப்போய் நின்றது. ஊரில் உள்ள மரமெல்லாம் கரி பூசிக்கொண்டிருக்க, என் சட்டி வேம்பு மட்டும் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி பளபளவென்று இருக்கும். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் கடைசியில் வினையாக வந்தது.

போன கோடையில் ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போனேன். பச்சை வலைக்குக் கீழே சட்டி இருந்தது. சட்டியில் மரம் இருந்தது. மரத்தில் ஒரு இலைகூட இல்லை. ஒரு கொழுந்து, ஒரு துளிர், ஒன்றும் இல்லை. யாரோ உட்கார்ந்து ஆற அமரக் கிள்ளியிருந்தார்கள்.

இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். கடைசிப் படிக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர் டம்ளர். பக்கத்து ஸ்டூலில் மெஷின். எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன்.

"சத்தம் போடாதிய" என்றாள் மெதுவாக. "அம்மா பக்கத்து வீட்ல இருக்கா."

திறந்த வாய் திறந்தபடி நின்றது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால், அம்மை என்று சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அம்மன் அந்த வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். அவள் இருக்கிற வரை அந்த வீட்டிலும் சுவரை ஒட்டிய வீட்டிலும் தாளிக்கக்கூடாது, மீன் பொரிக்கக்கூடாது, முக்கியமாகச் சண்டை போடக்கூடாது. கடுஞ்சொல் கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும், படுத்திருப்பவன் உடம்பில் அது தெரியும் என்பது நம்பிக்கை. நான் கடவுளோடு அதிகம் ஒட்டுறவு வைத்துக்கொள்கிறவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எதிர்த்துப் பேச எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழும்பாது.

"யாருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"லாரிக்காரத் தம்பிக்கு."

"நாப்பது வயசுக்கு மேல அவனுக்கு என்னளா அம்மை?"

"பெரியவங்களுக்குப் போட்டா ரொம்பப் பாடா இருக்கும்னு டாக்டர் சொன்னாராம். மாத்திரை குடுத்திருக்காரு. இருந்தாலும் வேப்பிலை இல்லாமக் கெடக்க முடியுமா? உடம்பு பூராவும் போட்டிருக்கு, பாயில முதுகைச் சாய்க்க முடியல. அந்தத் தம்பி பொண்டாட்டி கண்ணுல தண்ணியோட வந்து நிக்கா."

"தெருமுனையில மலை மாதிரி ஒரு வேம்பு நிக்கே. அது கண்ணுக்குத் தெரியலையோ?"

"அதுல ஒடிச்சு வாசல்ல கட்டியாச்சு. மேலுக்குப் போடுத இலை சுத்தமா இருக்கண்டாமா? அதைத் தொட்டாலே கையில கரி ஒட்டுது."

"கழுவிட்டுப் போடுதது."

"கழுவுனாப் போற கரியா அது? பாதி அந்தத் தம்பி லாரிப் புகைதான்."

அவன் புகையால் ஊர் வேம்பு வீணாகி, அவன் புகைக்குப் பயந்து நான் துடைத்துத் துடைத்து வைத்த வேம்பு அவனுக்கே படுக்கையாகப் போய்விட்டது. இரண்டு வருஷம் பஞ்சு வைத்துத் துடைத்தது அவன் முதுகுக்காக!

"கொப்பு ஒண்ணும் ஒடிக்கல" என்றாள் அவள். "காம்போட கிள்ளினேன். நீங்க கிள்ளுவியளே, அதே மாதிரி." அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். மரத்துக்காகப் பயந்தாளா, எனக்காகப் பயந்தாளா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல. கிசுகிசுப்பாகக் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முடியவே முடியாது. சாப்பாட்டுத் தட்டில் தாளிக்காத சாம்பாரும் வேகவைத்த காயுமாக வந்து விழும். சீலா மீன் மார்க்கெட்டில் வந்து குவிந்திருக்கிற சமயம். நான் தட்டைப் பார்த்துவிட்டு மெதுவாக, "இது என்னதுளா?" என்பேன். அவளும் மெதுவாக, "சாப்பாடு" என்பாள். அவ்வளவுதான் சண்டை. கதவைப் படாரென்று சாத்தக்கூட வழியில்லை. தெருவில் காய்கறி விற்கிறவர்கூட எங்கள் இரண்டு வீட்டைத் தாண்டும்வரை கூவாமல் போனார். லாரி சுவரோரம் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. அதன் கூரைமேல் காக்காய் உட்கார்ந்து தூங்கியது.

வாயை எங்கேயாவது திறக்கவேண்டுமே. காலையில் மாடிக்குப் போய் மொட்டை வேம்பின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதனிடம் பேச ஆரம்பித்தேன். பேச்சா அது, வசவு. எங்கள் மாடியை ஒட்டி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், அவன் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை ஒன்று உண்டு. பழைய டயரும் தார்ப்பாயும் போட்டு வைக்கிற இடம். அதன் ஜன்னலில் சாக்கு தொங்கும். அங்கே ஆள் கிடையாது. அதனால் எனக்குத் தோன்றியதையெல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னேன். "உன் இலையைத் தின்னுட்டான் பாத்தியா, மூதி. ஏர் ஏறணுமாம் ஏர். இனிமே ஏறட்டும், நான் ஏத்துதேன். சோறு போடுதியளான்னு கேட்டான்லா? இப்ப யாரு சோத்துல யாரு கெடக்கா?" ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்று கிடைத்தது. கோபத்தை அவசரமில்லாமல் சொல்லும்போது அதற்கும் ஒரு ருசி இருக்கிறது.

சட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து வைதுகொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். நம் ஊர் வேம்பை யாரும் இலையில்லாமல் பார்த்திருக்க மாட்டார்கள். அது மொட்டையாக நின்றபோது, எந்தக் கொப்பு எங்கே புறப்படுகிறது, எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று எல்லாம் தெரிந்தது. மேல் கொப்பு ஒன்றில் போன வருஷம் வளைப்பதற்காக நான் சுற்றிய கம்பியை எடுக்க மறந்திருக்கிறேன். இலைக்குள் மறைந்து கிடந்த அது பட்டைக்குள் இறங்கி, கொப்பைப் பாதி அறுத்துவிட்டிருந்தது. தினமும் இலையைத் துடைத்தவன் கண்ணில் அது படவே இல்லை. முறுக்கைப் பிரித்து எடுத்தால் பட்டையும் சேர்ந்து வரும். அதனால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தேன். அதற்கு இரண்டு காலை ஆனது. அந்த இரண்டு காலையும் நான் யாரையும் வையவில்லை.

கம்பி எல்லாம் வந்த பிறகும் துளிர் வரவில்லை. தினமும் ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பட்டையை நகத்தால் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்க்கலாம், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒருநாள் காலையில் அதனிடம் வேறு மாதிரிப் பேசினேன். "நீ போயிட்டேன்னா நான் என்ன செய்வேன்? எனக்கு ராத்திரி படுத்தா, காலையில முழிக்க மாட்டேனோன்னு பயமா இருக்கு. அவட்ட சொல்ல முடியாது, மெஷினைத் தூக்கிட்டு வந்துருவா. மகள்ட்ட சொன்னா வேலையை விட்டுட்டு வந்து நிப்பா. உன்ட்டதான் சொல்லுதேன்." சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. முக்காலியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த நாள் நான் மாடிக்குப் போகவில்லை. டாக்டர் வெறும் வயிற்றோடு டெஸ்டுக்கு வரச் சொல்லியிருந்தார். விடியுமுன்பே கிளம்பிப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவியிடம், "அண்ணாச்சி எங்கக்கா? இன்னைக்குச் சத்தத்தையே காணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வாயைக் கட்டிப்போட்டது போதாதென்று கிண்டல் வேறு! புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வாரத்திலேயே வேம்பில் முனை விட்டது. காம்பு விழுந்த இடங்களில் செப்புக் கலரில் ஊசி முனைபோல ஏதோ தெரிந்தது. முதலில் எறும்பு என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கொழுந்து. ஒன்றைப் பார்த்த பிறகு எல்லாக் கொப்பிலும் தெரிந்தது. கம்பி அறுத்த அந்தக் கொப்பிலும் இருந்தது. கீழே பார்த்துப் பெரிய குரலில் மனைவியைக் கூப்பிடப் போனேன். பக்கத்து வீட்டு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். படியிறங்கிப் போய் அவள் காதில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்து, ஒவ்வொரு கொப்பாகக் குனிந்து பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் கொன்னுட்டேன்னுதான் நெனச்சேன்" என்றாள். அத்தனை நாளும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பயத்தை நான் மரத்திடம் சொன்னேன், அவளுக்கு அதுகூட இல்லை.

அம்மை இறங்கி அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். வாசலில் கட்டியிருந்த கொப்பை அவிழ்த்தார்கள். தெருவில் குக்கர் விசில் கேட்டது. எங்கள் வீட்டில் சீலா மீன் பொரிந்தது. அன்று சாயந்திரம் நான் மாடியில் இருந்தபோது படியில் செருப்புச் சத்தம். அவன்தான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். முகத்திலும் கழுத்திலும் தழும்பு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

நான் முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது.

"அம்மா எறங்கிட்டா, அண்ணாச்சி" என்றான் அவன். "இனிமே நீங்க சத்தம் போடலாம்."

"போடத்தான் போறேன்" என்றேன்.

அவன் மரத்தைப் பார்த்தான். புதிய கொழுந்து எல்லாம் பழைய இலையில் பாதிகூட இல்லாமல், சட்டி மரத்துக்கு ஏற்ற அளவாக விரிந்திருந்தது. தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"அந்த இலை இல்லாம நான் கெடந்திருக்க முடியாது, அண்ணாச்சி. உடம்பு பூராவும் தீயா எரிஞ்சுது." பிறகு ஆஸ்பெஸ்டாஸ் அறை ஜன்னலைக் காட்டினான். "பிள்ளைகளுக்குப் போட்டுரக் கூடாதுன்னு டயரை எல்லாம் எடுத்துட்டு மேல இந்த ரூம்லதான் படுத்திருந்தேன்."

ஜன்னலைப் பார்த்தேன். சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. என் முக்காலிக்கும் அதற்கும் இடையே நான்கு எட்டுகூட இராது.

"எல்லாம் கேட்டுதா?" என்றேன்.

"கேட்டுது."

"எல்லாமா?"

"எல்லாம்தான் அண்ணாச்சி." அவன் என் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க என்னைய வைய்யுததைக் கேட்டாத்தான் விடிஞ்சிட்டுன்னே தெரியும். பதில் சொல்லக் கூடாதுன்னு வீட்ல சத்தியம் வாங்கிட்டா. அரிப்பையாவது பொறுத்துக்கிட்டேன், அதைப் பொறுக்கத்தான் முடியல." கொஞ்சம் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஒருநாள் நீங்க வரல. அதுக்கு முந்தின நாள்தான் நீங்க அப்படிப் பேசிட்டுப் போனிய. வெயில் ஏறுது, சத்தத்தைக் காணும். நீங்க முழிக்கலையோன்னு நெனச்சிட்டேன். எந்திரிச்சு வரவும் முடியாது. அதான் அவளைப் போயி உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னேன்."

சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் இல்லை. அவனும் அதற்குமேல் நிற்கவில்லை. "தலை சுத்துது, வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனான்.

அவன் வேலைக்குப் போக ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அன்றைக்குக் காலை நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பஞ்சை நனைக்கும்போது, கீழே லாரி ஸ்டார்ட் ஆனது. வீடே அதிர்ந்தது. இத்தனை நாள் நின்ற வண்டியின் புகை முழுவதும் ஒரே மூச்சாக மேலே வந்து, புதுக் கொழுந்தின் மேல் படிந்தது. எடுக்கவில்லை. உறுமிக்கொண்டே நின்றது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏலே, எடு லே வண்டியை!" என்று கத்தினேன்.

படியில் என் மனைவி மெஷினோடு ஏறி வருகிற சத்தம் கேட்டது. கீழே டிரைவர் கதவு திறந்தது. அவன் தலையை வெளியே நீட்டினான். ஏர் ஏறணும் என்று சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இருக்கியளா?" என்றான்.

"இருக்கேன் லே" என்று கத்தினேன்.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியை எடுத்தான். என் மனைவி மேல் படியில் நின்று அதைக் கேட்டாள். பிறகு மெஷினைத் திறக்காமலே கீழே இறங்கிப் போனாள்.